பக்கீர் முகமது மலையேறிய ஞாயிறு

பக்கீர் முகமது ரியாத்தில் ஒரே வீட்டில் பத்தொன்பது வருடம் டிரைவராக இருந்தவர். அந்த வீட்டு மூத்த பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதே பையனின் கல்யாணத்துக்குப் பெண் வீட்டாரை விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்து சேர்த்துவிட்டு, அடுத்த மாதமே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கோட்டைப்பட்டினத்துக்குத் திரும்பிவிட்டார். இனிமேல் போவதில்லை என்று வந்து மூன்று மாதம் ஆகிறது.

முன்பெல்லாம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். வந்த நாளிலிருந்து போகிற நாள் வரைக்கும் கல்யாண வீடு, மௌத்து விழுந்த வீடு, ஆஸ்பத்திரி, மாடி கட்டுகிற வேலை என்று நாள் ஓடிவிடும். மனைவி மக்களோடு வெளியே போவது என்றால் அறந்தாங்கி ஜவுளிக்கடை வரைக்கும்தான். ஆனால் ரியாத்தில் இருக்கும்போது அவர் அடிக்கடி ஊர் சுற்றினார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். முதலாளி குடும்பத்துக்கு லீவு நாள் வந்தால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. தாயிஃப் மலை, அப்ஹா மலை, பாலைவனத்துக் கூடாரம், செங்கடல் ஓரம் என்று எங்காவது கிளம்பிவிடுவார்கள். வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர் பக்கீர் முகமது. மறுநாள் வாட்ஸப்பில் போட்டோ வரும். மேகத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மலை முகடு, பள்ளத்தாக்கின் மேல் கம்பியில் தொங்கிப் போகும் ரோப் கார், அந்தி வெயிலில் ரத்தச் சிவப்பாகக் கிடக்கும் மணல் மேடு. கீழே மனைவி பரக்கத் நிஷாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜும் இருக்கும். "நிஷா, இங்க நின்னு பார்த்தா மேகம் காலுக்குக் கீழ போவுது. பஞ்சு மூட்டையை அவுத்துவிட்ட மாதிரி." மகள் மாஹிரா ஆறாவது படிக்கும்போது 'என் அத்தா ஏறிய மலை' என்று ஒரு கட்டுரை எழுதி வகுப்பில் வாசித்தாள். டீச்சர் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைத்தார்.

மாஹிரா இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அவளுக்குப் பின்னால் ரொம்ப நாள் கழித்துப் பிறந்த பைரோஸுக்குப் பத்து வயது. போன வாரம் பக்கீர் முகமது ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி வாசலில் நிறுத்தினார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது பரக்கத் நிஷா கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எங்கயாச்சும் போயிட்டு வருவமா?"

"எங்க போறது?"

"எங்க ஊருப் பக்கம் போவோம். சித்தன்னவாசல்."

நிஷா பிறந்தது அன்னவாசல். சித்தன்னவாசல் அங்கிருந்து கூப்பிடு தூரம். கல்யாணமான புதிதில், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நாற்பதாவது நாள் அவருக்கு விசா வந்துவிட்டது.

"அங்க என்ன இருக்கு? பாறைதானே," என்றார் பக்கீர் முகமது.

"நீங்க பெரிய பெரிய மலையெல்லாம் பார்த்தவுக. ஒங்களுக்குப் பாறையாத்தான் தெரியும். புள்ளைக பார்க்கட்டும்."

அவர் தட்டை இழுத்துவைத்துக்கொண்டார். குனிந்து சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்து காரைக் கழுவினார். கண்ணாடிகளை இரண்டு தடவை துடைத்தார். டயரில் காற்றுப் பார்த்தார். புளிச்சோறும் அவித்த முட்டையும் வைத்த பையைத் தூக்கிக்கொண்டு நிஷா வெளியே வந்ததும், அவர் கை தானாகப் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தது. தலை லேசாகக் குனிந்தது.

"அத்தா, அம்மா முன்னாடி உக்காரட்டும்," என்றாள் மாஹிரா சிரித்துக்கொண்டே.

பக்கீர் முகமதுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பத்தொன்பது வருடத்தில் அவர் பக்கத்து சீட்டில் கடைச் சாமான்களைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. நிஷா அவரைப் பார்க்காதவள் போல முன்கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டாள்.

தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்த வருடம் மழை குறைவைக்கவில்லை. நாகுடி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. வெயில் அதற்குள் நுழைந்ததும் வயல் மொத்தமும் புகைவது போல இருந்தது. பைரோஸ் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தான்.

"அத்தா, அங்கிட்டுப் பாருங்க. மயிலு. மூணு மயிலு நிக்குது."

"நான் ரோட்டைப் பார்க்கணும்ல. நீ பாரு."

ரோடு, கண்ணாடி, ரோடு, கண்ணாடி. அவர் கண் அந்த இரண்டை விட்டு அகலவில்லை. பள்ளம் வந்தால் முன்கூட்டியே வேகம் குறைந்தது. வளைவில் யார் உடம்பும் சாயவில்லை. ஓட்டுகிறார் என்பதே தெரியாமல் ஓட்டினார். நிஷா அதைக் கவனித்துக்கொண்டே வந்தாள். தன் புருஷன் இத்தனை நேர்த்தியாக ஒரு வேலை செய்வதை அவள் இதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அறந்தாங்கிக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டை ஒட்டி ஒரு கண்மாய் கரை முட்டத் தண்ணீரோடு நின்றது. நிஷா நிறுத்தச் சொன்னாள். தண்ணீர்மேல் பனி ஒரு ஆள் உயரத்துக்குப் படர்ந்திருந்தது. நடுவில் நிற்கும் கருவேல மரங்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஒவ்வொரு தலையிலும் நாரைகள் அடைந்து உட்கார்ந்திருந்தன. நூறா, இருநூறா, எண்ண முடியாது. ஒன்று எழும்பியதும் பின்னாலேயே எல்லாம் எழும்பின. இறக்கைச் சத்தம், யாரோ பெரிய பாயை உதறியது போலத் தலைக்கு மேலே கடந்து போயிற்று. மாஹிரா கரையில் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டாள். பைரோஸ் எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டான்.

நிஷா திரும்பிப் பார்த்தாள். பக்கீர் முகமது முதுகைக் காட்டிக்கொண்டு முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

புதுக்கோட்டையைத் தாண்டித் திருக்கோகர்ணத்தில் டீ குடித்தார்கள். அங்கேயும் மூன்று பேர் பெஞ்சில் உட்கார, அவர் கிளாஸை எடுத்துக்கொண்டு கார் பக்கத்தில் போய் நின்று குடித்தார். அதற்கப்புறம் மண் சிவப்பாயிற்று. தைலமரக் காடு வந்தது, போயிற்று. பொட்டல் வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தன. பிறகு அதில் ஒன்று எழும்பி நீளமாக வானத்தை மறித்துக்கொண்டு நின்றது. அதுதான் சித்தன்னவாசல் மலை என்றாள் நிஷா.

வேப்பமர நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார். எல்லாரும் இறங்கினார்கள். நிஷா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றார் பக்கீர் முகமது. "நான் வண்டிக்கிட்ட இருக்கேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று மாஹிரா நினைத்தாள். "வண்டியை இங்க யாரு அத்தா தூக்கிட்டுப் போகப் போறா? வாங்க."

"இல்லம்மா. நீங்க பாத்துட்டு வாங்க. மெதுவா வாங்க, அவசரமில்ல."

சொன்ன விதத்தில் வருத்தமோ கோபமோ கிடையாது. ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய குரல். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பாதையில் நடக்கத் தொடங்கினார்கள். அவர்கள் மரங்களுக்குப் பின்னால் மறைகிறவரை பார்த்திருந்துவிட்டு பக்கீர் முகமது சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். இந்த உட்காரலில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. எவ்வளவு நேரம் ஆகும், எந்தப் பக்கம் வெயில் திரும்பும், எப்போது வண்டியை நகர்த்த வேண்டும் என்று மனசு அதுபாட்டுக்கு வேலையை ஆரம்பித்தது.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நிஷா மட்டும் திரும்பி வந்தாள்.

"புள்ளைக எங்க?"

"படிக்கட்டுக்கிட்ட நிக்கிறாங்க. நீங்க வாங்க."

"எனக்கு முட்டி வலிக்குது நிஷா."

"நேத்து தண்ணித் தொட்டி பார்க்க மாடிக்கு ஏறினீங்க. அப்ப வலிக்கலையா?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். நிஷா சுற்றிவந்து பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"தாயிஃப்ல ஏறினீங்க. அப்ஹாவுல மேகத்துக்கு மேல நின்னீங்க. அதெல்லாம் ஏறின ஆளுக்கு இந்தப் பாறை ஒரு மலையா? எங்க ஊருன்னா ஒங்களுக்கு அவ்வளவு எளப்பமா?"

"அதில்ல."

"பின்ன?"

வெளியே வேப்ப இலை ஒன்று கண்ணாடிமேல் விழுந்தது. அவர் வழக்கமாக உடனே எடுத்துப் போட்டிருப்பார்.

"நான் ஏறல," என்றார்.

"எதுல?"

"எதுலயுமே. அவங்க இறங்கிப் போவாங்க. நான் வண்டிக்கிட்ட இருப்பேன். திரும்பி வர்றப்ப உள்ள குளுமையா இருக்கணும், வாசல்ல தயாரா நிக்கணும். எப்ப வருவாங்கன்னு சொல்ல முடியாது. நானா எறங்கிப் போனா அது தப்பு. யாரும் போகாதன்னு சொல்லல. யாரும் வான்னும் சொல்லல." கொஞ்சம் நிறுத்தினார். "முதலாளியோட கடைசிப் பொண்ணு நூரா இருக்குல்ல, அதுதான் மேல போயி எனக்குப் போட்டோ அனுப்பும். பக்கீர், நீ பாக்கலைல, இந்தா பாருன்னு. மேகம் பஞ்சு மாதிரி போச்சுன்னு அந்தப் புள்ளதான் சொல்லுச்சு. நான் பார்த்த மாதிரி ஒனக்குச் சொன்னேன். நீங்களும் சந்தோசப்பட்டீங்க. அப்பறம் அப்புடியே சொல்லிக்கிட்டு இருந்துட்டேன்."

நிஷா முன்னால் தெரிந்த பாறையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அழுவாள் என்றும் எதிர்பார்த்தார்.

"அத்தனை போட்டோவுல ஒண்ணுலகூட நீங்க இல்ல," என்றாள் கடைசியில். "ஏன்னு நான் ஒரு தடவைகூட கேக்கல பாருங்க."

அவள் கீழே இறங்கினாள். குனிந்து ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"கண்ணாடியை ஏத்துங்க. பூட்டிட்டு வாங்க."

பக்கீர் முகமது பூட்டினார். இழுத்துப் பார்த்தார். முப்பது அடி நடந்ததும் ஒருமுறை திரும்பி வண்டியைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் போய் இன்னொரு முறை பார்த்தார். அதற்குப் பிறகு பாதை திரும்பியது. வண்டி மறைந்துவிட்டது. கையில் இருந்த எதையோ விட்டுவிட்டு வந்தவர் போல விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார்.

ஏறுவது முதலில் சுலபமாகத்தான் இருந்தது. பாறையிலேயே வெட்டின படிகள். பைரோஸ் முன்னால் ஓடினான். பாதிக்கு மேல் படிகள் செங்குத்தாயின. மூச்சு வாங்கியது. கண்ணுக்கு முன்னால் பாறையும் தன் பாதமும் மட்டும்தான். உச்சியை எட்டியதும் காற்று வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. நிமிர்ந்தார்.

அவர் வாழ்க்கையில் ஒரு ஊரை மேலே இருந்து பார்த்தது விமான ஜன்னல் வழியாகத்தான். அது பொம்மை மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. எல்லாம் அவ்வளவு கீழே இருந்தும் எல்லாவற்றின் சத்தமும் கேட்டது. எங்கோ ஒரு ஆடு கத்தியது. எங்கோ டிராக்டர் ஓடியது. கண்மாய்கள் ஒன்றின் பின் ஒன்றாகச் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளாக அடிவானம் வரைக்கும் கிடந்தன. மழை பெய்து நிறைந்த ஒரு மாவட்டம் முழுவதும் வானத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது. மேகம் ஒன்று வயல்களின்மேல் தன் நிழலை இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த நிழல் ஒரு தென்னந்தோப்பை மூடுவதையும், பிறகு மெதுவாக விடுவிப்பதையும் அவர் அசையாமல் நின்று பார்த்தார்.

"அந்தா வெள்ளையா தெரியுது பாருங்க, அதான் எங்க பள்ளிவாசல் மினாரா," என்றாள் நிஷா.

அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இந்த வழியாத்தான் வந்தோமா?" என்று கேட்டார். அவருக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. ஓட்டிவந்த ரோடு தைலமரங்களுக்கு நடுவே நூல் மாதிரி கிடந்தது.

உச்சியைத் தாண்டி மறுபக்கம் கொஞ்சம் இறங்க வேண்டும். அங்கே மலையின் விலாவில் ஒரு குறுகலான பாதை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் வெளி. இரும்புக் கம்பி பிடித்துக்கொள்ள இருந்தது. பக்கீர் முகமதுக்கு உள்ளங்கால் கூசியது. மாஹிரா பின்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயிஃப் மலையும் இப்புடித்தான் இருக்குமா அத்தா?"

அவர் நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வெளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரியலம்மா. நான் வண்டிய விட்டு எறங்கி மலை ஏறுறது இதுதான் மொத தடவை."

மாஹிரா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நிஷா ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். மாஹிரா பிடித்த கையைப் பாதை அகலமான பிறகும் விடவில்லை.

ஏழடிப்பட்டம் என்று சொல்லும் குகை அங்கேதான். குகை என்றால் இருட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இது மலை தன் இமையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டது போல, மேலே சரிந்த ஒரு பாறைக் கூரை. அதன் கீழே வரிசையாகக் கல் படுக்கைகள். ஒரு ஆள் படுக்கிற நீளம், ஒரு ஆள் படுக்கிற அகலம், தலைமாட்டில் தலையணைக்கு என்று கல்லையே கொஞ்சம் மேடாக விட்டுச் செதுக்கியிருந்தார்கள். பதினேழு படுக்கைகள். தண்ணீர் ஊற்றித் துடைத்த தரை போல வழுவழுவென்று மின்னின. ஒன்றின் ஓரத்தில் எழுத்துகள் இருந்தன. கோடும் வட்டமுமாக, குழந்தை எழுதிப் பழகியது போல.

"ரெண்டாயிரம் வருசம் இருக்கும்னு புத்தகத்துல போட்டிருந்துச்சு," என்றாள் மாஹிரா தாழ்ந்த குரலில். அங்கே யாருக்கும் உரக்கப் பேச வரவில்லை. "சமணத் துறவிங்க இருந்த எடம். சில பேரு சாப்பாட்டை விட்டுட்டு இங்கயே படுத்து உயிரை விட்டுருக்காங்க."

"பாயி, தலகாணி ஒண்ணும் இல்லாமயா?" என்றான் பைரோஸ்.

பக்கீர் முகமது குனிந்து ஒரு படுக்கையின்மேல் உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்று இருந்தது. கல்லின் குளிர் இல்லை அது, ஆள் எழுந்துபோய் நெடுநேரம் ஆன படுக்கையில் இருக்குமே, அந்த மாதிரி. ரியாத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு அறை உண்டு. ஒரு கட்டில் நீளம், ஒரு கட்டில் அகலம். ஜன்னல் மதில் சுவரைப் பார்த்து இருக்கும். அதில் படுத்துக்கொண்டு அவர் எத்தனையோ இரவு நினைத்திருக்கிறார், ஒரு மனுஷனுக்கு இவ்வளவு இடம்தானா என்று. இங்கே ஒருவர், அதே அளவு இடத்தைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஜன்னல் என்று எதுவும் இல்லை. கண்ணைத் திறந்தால் எதிரே மொத்த உலகமும்.

அவர் திரும்பி, அந்தப் படுக்கையிலிருந்து பார்த்தால் என்ன தெரியுமோ அந்தத் திசையில் பார்த்தார். கீழே ஒரு பருந்து பறந்துகொண்டிருந்தது. பருந்தின் முதுகை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. விரித்த இறக்கையை ஒரு தடவைகூட அடிக்காமல் அது வட்டம் போட்டது. வட்டத்தின் ஒவ்வொரு திருப்பத்திலும் வெயில் அதன் முதுகில் வழுக்கி ஓடியது.

"சுப்ஹானல்லாஹ்," என்று அவர் வாய் முணுமுணுத்தது.

வெயில் ஏறும் முன்னால் கீழே வந்து, மரத்தடியில் துணி விரித்துப் புளிச்சோறு சாப்பிட்டார்கள். அவரும் துணியில்தான் உட்கார்ந்தார். பக்கத்துக் குடும்பம் ஒன்று கொய்யாப்பழம் கொடுத்தது. நிஷா முட்டை கொடுத்தாள். மலையின் மேற்குச் சரிவில் இருக்கும் சமணர் ஓவியக் குகையைப் பார்க்கப் போனபோது வாசலில் இருந்த காவலர், அழகுமலை என்று பெயர், ஐம்பது வயது இருக்கும், இவர்களை நிறுத்தினார்.

"இப்ப உள்ள கூட்டம் பாய். கண்ணுக்கு ஒண்ணும் பிடிபடாது. மூணரை மணிக்கு வாங்க. குகை மேற்கே பார்த்து இருக்கு, வெயில் சாஞ்சா வெளிச்சம் உள்ள வரும். அப்ப பாருங்க."

அவர் சொன்னபடியே மூன்றரைக்கு மறுபடி ஏறினார்கள். காலணியைக் கழற்றும்போது நிஷா தயங்கினாள். "கோயில்னு எழுதியிருக்கே. நம்ம போகலாமா?"

"பூசை கீசை ஒண்ணும் கெடையாதும்மா," என்றார் அழகுமலை. "யாரு வேணும்னாலும் வரலாம். வந்து பார்க்கணும், அவ்வளவுதான்."

உள்ளே நுழைந்ததும் முதலில் எதுவும் தெரியவில்லை. இரண்டு தூண், ஒரு தாழ்ந்த கூரை, அதில் சுண்ணாம்பு உதிர்ந்த திட்டுத் திட்டான கறை. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்பது போல பைரோஸ் அக்காவைப் பார்த்தான். அழகுமலை கையை உயர்த்திப் பொறுங்கள் என்று காட்டினார். வெளியே வெயில் ஒரு விரல் அளவு சாய்ந்தது. பாறைத் தரையில் பட்ட வெளிச்சம் மேலே எகிறிக் கூரையைத் தொட்டது.

பச்சைக் கறை இலையாயிற்று. பெரிய தாமரை இலை. பக்கத்தில் இன்னொன்று. இலைகளுக்கு நடுவில் மொட்டு, விரிந்த பூ, பாதி விரிந்த பூ. கூரை முழுவதும் ஒரு குளம். அண்ணாந்து பார்க்கப் பார்க்க, தண்ணீருக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக மேலே வந்தது.

"மீனு," என்றான் பைரோஸ். "அந்தா இன்னொண்ணு. அத்தா, வாத்து. அந்த ஓரத்துல யானை நிக்குது."

"மனுசங்க இருக்காங்க பாருங்க தம்பி," என்றார் அழகுமலை.

இருந்தார்கள். இடுப்பில் துணி கட்டிய ஒரு ஆள், குளத்துக்குள் நின்று பூப் பறித்துக்கொண்டிருந்தான். தண்டோடு பறித்த தாமரைகளைத் தோளில் சாய்த்திருந்தான். யாருக்காகப் பறிக்கிறான் என்று தெரியாது. ஆனால் அவன் அவசரப்படவில்லை. அவன் முகத்தில், குளத்துக்கு நடுவில் நிற்கிற சந்தோஷம் அப்படியே இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருடமாக அந்தச் சந்தோஷம் கலையாமல் இருந்திருக்கிறது. பக்கீர் முகமதுக்குக் கழுத்து வலித்தது. குனிய மனம் வரவில்லை. குளத்துக்கு அடியில் நின்றுகொண்டு மேலே பார்க்கிற மீன் மாதிரி தன்னை உணர்ந்தார்.

கூட்டம் குறைந்ததும் அழகுமலை உள்ளறையைக் காட்டினார். நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் சதுர அறை. சுவரில் கண்மூடி உட்கார்ந்த சிலைகள்.

"ஒருத்தர் மட்டும் நடுவுல நில்லுங்க. வாயை மூடிக்கிட்டு 'ம்'னு இழுங்க. சத்தமா வேணாம். சும்மா, புள்ளையைத் தட்டித் தூங்க வைப்பம்ல, அந்த மாதிரி."

பைரோஸ் முயன்றான். ஒன்றும் நடக்கவில்லை. மாஹிராவின் குரலும் மெலிசு. "நீங்க நில்லுங்க பாய், ஒங்க கொரல் கனம்," என்றார் அழகுமலை.

பக்கீர் முகமது உரக்கப் பேசிப் பழக்கமில்லாதவர். முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்குக் கேட்கிற அளவுதான் அவர் பேச்சு. நடுவில் போய் நின்று, கூச்சத்தோடு கண்ணை மூடி, நெஞ்சுக்குள்ளேயே ஒரு 'ம்' இழுத்தார்.

பாறை அதைப் பிடித்துக்கொண்டது. முதலில் காலடியில் லேசாக அதிர்ந்தது. பிறகு நாலு சுவரிலிருந்தும் வந்து, கூரையிலிருந்து இறங்கி, அவர் விலாவுக்குள் புகுந்தது. அவர் விட்டது ஒரு இழை. திரும்பி வந்தது வெள்ளம். தன் குரல்தானா என்று பயந்து நிறுத்தினார். நிறுத்திய பிறகும் அது ஓயாமல், அறையைச் சுற்றி வந்து, மெல்ல மெல்லக் கல்லுக்குள் போய் அடங்கியது. அடங்கின பிறகு வந்த அமைதியில் வெளியே நின்ற நிஷாவின் வளையல் ஒலி கூடத் துல்லியமாகக் கேட்டது.

"இன்னொரு தடவை," என்றாள் நிஷா வாசலிலிருந்து. அவள் கண் கலங்கியிருந்தது.

அவர் இன்னொரு தடவை இழுத்தார். இந்த முறை மூச்சு உள்ள மட்டும் இழுத்தார். மலை முழுவதும் அவரோடு சேர்ந்து இழுத்தது. பைரோஸ் சுவரில் காதை வைத்தான். மாஹிரா இரண்டு உள்ளங்கைகளையும் தூணில் பதித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்தபோது அஸர் தொழுகை நேரம். மலையடிவாரத்தில் வேலிக்கு வெளியே, பாறை தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் ஒரு இடம் பார்த்து பக்கீர் முகமது துண்டை விரித்தார். சூரியன் நேர் எதிரே இருந்தது. சுஜூதில் நெற்றி பட்டபோது துண்டு வழியாகப் பாறையின் சூடு ஏறியது, பகல் முழுவதும் வாங்கிவைத்த சூடு. எழுந்திருக்கத் தோன்றாமல் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியபோது நிஷாவும் பிள்ளைகளும் சற்றுத் தள்ளிக் காத்திருப்பது தெரிந்தது. யாரும் அவசரப்படுத்திக் கூப்பிடவில்லை.

திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து பைரோஸ் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினான். பாதி விஷயம் அவனுக்கு அக்கா சொல்லித் தெரிந்திருந்தது.

"அப்ப நீங்க அங்க ஒண்ணுமே பார்க்கலையா அத்தா?"

மாஹிரா அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பக்கீர் முகமது யோசித்தார்.

"ஒண்ணு பார்த்தேன்," என்றார். "பாலைவனத்துல கூடாரம் போட்டிருந்தாங்க. எல்லாரும் தூங்கினப்பறம் ஜெனரேட்டரை அமத்தச் சொல்லியிருந்தாங்க. அமத்திட்டுத் திரும்புறேன், வழி தெரியல. அண்ணாந்தா நட்சத்திரம். மேல மட்டும் இல்ல, சுத்தி, தரை வரைக்கும். மணல்மேல என் நெழல் விழுந்துச்சு. நெலா கெடையாது அன்னைக்கி. வெறும் நட்சத்திர வெளிச்சத்துல நெழலு."

"இதை நீங்க சொல்லவே இல்லையே," என்றாள் நிஷா.

"போட்டோ இல்லைல. யாரு நம்புவா?"

"நீங்க சொன்னா நாங்க நம்புவோம். முழுசா சொல்லுங்க."

அவர் சொல்லத் தொடங்கினார். மேற்கே தைலமரங்களுக்குப் பின்னால் வானம் சிவந்துகொண்டிருந்தது. சொல்லிக்கொண்டே, எதிரே வண்டி எதுவும் வராத நேரமாகப் பார்த்து வேகத்தைக் குறைத்து, அவர் அந்தச் சிவப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.